பத்துப் பேர் நேரம்

ஆவணி 2, திங்கள்

ஸ்கைலாப் விண்கலம் தலையில் விழப்போகிறது, சாவதற்குள் தின்றுவிடுவோம் என்று ஊரில் ஆட்டையும் கோழியையும் அடித்துத் தீர்த்தார்களே, அதற்கு அடுத்த வருஷம் மாசி மாதத்தில் சூரிய கிரகணம் வந்தது. பட்டப்பகலில். பஸ்காரன்கூட வண்டியை நிறுத்திவிட்டான். கர்ப்பிணி, கிழவன், கட்டிப்போட்ட மாடு எல்லாம் வீட்டுக்குள். தெருவில் ஓர் ஆள் இல்லை. அன்றைக்குத்தான் நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன், யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதற்காக. தம்பிக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். அண்ணன்காரன் காலில் தேமல் இருக்கிறது, நெருப்புப் பட்டாலும் அவனுக்கு உறைப்பதில்லை என்று பெண்வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். கிரகணம் விடுவதற்குள் நடந்து மலையடிவாரத்துக்கு, இந்தத் தொழுநோய் இல்லத்துக்கு, வந்துவிட்டேன். அப்போது எனக்கு முப்பத்துநாலு வயது.

டீச்சரம்மா பேனாவைத் தூக்கிவிட்டார். “கதையெல்லாம் அப்புறம், மேஸ்திரி. காலைப் பத்திச் சொல்லுங்க” என்கிறார்.

சரி. கால். நோய் தீர்ந்து நாற்பது வருஷம் ஆகிறது. மரத்துப்போனது மட்டும் தீரவில்லை. செருப்பில் ஏறியிருந்த ஆணி தெரியாமல் ஒரு நாள் முழுக்க நடந்தேன். வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் இப்போது பழைய ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். பெரிய டாக்டர் இன்று வந்து கம்பி விட்டுப் பார்த்தார். நாற்பது நாள் பார்ப்போம் என்றார். புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை மறுபடி வருவார். அதற்குள் சுருங்கவில்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதானாம். பெரியாஸ்பத்திரிக்கு இப்போதே சீட்டு எழுதி, தேதி போடாமல், ஜெபக்கனி சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

சிஸ்டர் சொன்னது: தினம் இருபது நிமிஷம் தண்ணீரில் காலை ஊறவைக்க வேண்டும். புண்ணைச் சுற்றித் தடித்த தோலைக் கல்லால் தேய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். பிறகு கட்டு. நடக்கவே கூடாது. செய்ததைத் தினமும் எழுதிவைக்க வேண்டும், டாக்டர் கேட்பார்.

நான் கைநாட்டு. பாறை உடைத்தவன். அதனால் நான் சொல்ல, டீச்சரம்மா எழுதுகிறார். எதிர்வரிசை, பெண்கள் பக்கம். அவரும் கிரகண வருஷத்தில் வந்தவர்தான், பங்குனியில். உண்மையில் டீச்சர் இல்லை, வாத்தியார் பெண்சாதி. எட்டாவது படித்தவர், பேர் ஒட்டிக்கொண்டது. விரல்கள் மடங்கிப்போய்விட்டதால் உள்ளங்கையில் ரப்பர் பட்டை மாட்டி, அதில் பேனாவைச் செருகி எழுதுகிறார். நான் பேசுகிறபடி எழுதமாட்டாராம். புத்தகத்தில் இருக்கிறபடிதான் எழுதுவாராம். எழுதட்டும்.

ஆவணி 3, செவ்வாய்

எனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆனால் நேரம் தெரியும். கிரகண வருஷத்தில் என்னோடு இங்கே சேர்ந்தவர்கள் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் போய்விட்டார்கள். காலைத் தண்ணீரில் விட்டதும் ஒவ்வொருவர் பேராகச் சொல்லி, அவரவர் எந்த ஊர், எப்படி வந்தார், எப்படிப் போனார் என்று நினைத்துக்கொண்டு வருவேன். பத்தாவது ஆள் முடிந்ததும் காலை எடுப்பேன்.

தையல்கார கோவிந்தன், ஊசி விரலில் ஏறியது தெரியாமல் பித்தான் தைத்தவன். கண்டக்டர் தாவூத், தூக்கத்தில் “ஏறு, ஏறு” என்பான். வேடியப்பன். கருவாடு விற்ற குள்ளம்மா. எல்லப்பன். தெருக்கூத்தில் பெண்வேஷம் கட்டிய ராஜாபாதர், கைகால் போனதற்கு அழாமல் மூக்கு அமுங்கினதற்கு அழுதவன். சூசைமாணிக்கம். பூங்காவனம். அண்ணன் தம்பி இரண்டு பேர், பெரியதம்பி, சின்னத்தம்பி, ஒரே வருஷத்தில் போனார்கள்.

சிஸ்டர் பக்கத்தில் நின்று போனில் நேரம் பார்த்தார்.

“பதினெட்டு நிமிசம் தாத்தா. பதினோரு பேருன்னு சொன்னீங்க, பத்துப் பேருதான வந்தாவ? அந்த ஒரு ஆளயும் சேத்துக்கிட்டா இருவது சரியா வந்துரும்லா?”

“இருக்கறவங்கள எண்ணக் கூடாதும்மா. அது ஆவாது.”

டீச்சரம்மா தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆவணி 6, வெள்ளி

ஊறவைத்தேன். தேய்த்தேன். எண்ணெய். கட்டு. நடக்கவில்லை.

சிஸ்டர் கொடுத்த பிளாஸ்டிக் உரசியை மாடத்தில் வைத்துவிட்டு, கிணற்றடியிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவரச் சொன்னேன். பொடி மணி இருக்கிற கருங்கல். தோல் கல்லைப் போலத்தான், அதற்கும் ஓட்டம் உண்டு. ஓட்டத்தோடு தேய்த்தால் மாவாக வரும், எதிர்த்துத் தேய்த்தால் பிளக்கும்.

ஆவணி 9, திங்கள்

திங்கள்கிழமை சிஸ்டர் புண்ணின் மேல் ஒரு கண்ணாடித்தாளை வைத்து ஓரத்தை மையால் வரைந்துகொள்வார். போன வாரத்துத் தாளை இந்த வாரத்துத் தாளின் மேல் வைத்துப் பார்த்தோம். இரண்டு கோடும் ஒன்றாகவே இருந்தன.

“எல்லாம் ஒழுங்காத்தான் செய்யுதீங்க. பெறவு ஏன் சுருங்கல?”

தெரியவில்லை என்றேன்.

ஆவணி 11, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. ஆளுக்கு இரண்டு கொழுக்கட்டை. எனக்கு வந்தது ஒன்று உப்பு, ஒன்று இனிப்பு. டீச்சரம்மா தன் இனிப்பை என் தட்டில் போட்டார். சர்க்கரை இருக்கிறதாம் அவருக்கு. போன வருஷம் இல்லை.

எழுதி முடித்ததும் டீச்சரம்மாவின் கைகளை நான் பார்ப்பேன். எழுதுவதற்கு அதுதான் கூலி. என் கைக்கு இன்னும் உணர்ச்சி இருக்கிறது, அவர் கைக்கு இல்லை. விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு எல்லாம் தொட்டுப் பார்த்து எண்ணெய் போட்டுவிடுவேன். சித்திரையில் வார்டு வேலை செய்கிற கன்னியம்மாள், பச்சைத் தண்ணீர் கலந்து விளாவாமல் அண்டாக் கொதிநீரை அப்படியே பக்கெட்டில் ஊற்றி வைத்துவிட்டாள். டீச்சரம்மா இரண்டு கையையும் உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூடு தெரியவில்லை. வெளியே எடுத்தபோது தோல் கையுறையைப் போலக் கழன்று தொங்கியது. இப்போது வந்திருப்பது புதுத் தோல். வெங்காயச் சருகுபோல இருக்கிறது. பச்சைத் தண்ணீர் அவருக்கு ஆகாது, உடனே இருமல் பிடித்துக்கொள்ளும்.

இப்போதெல்லாம் கன்னியம்மாள் சரியாக விளாவி வைக்கிறாளாம். நல்லது.

வெந்நீர் அடுப்புக்குப் பின்னால் செவலை நாய் நாலு குட்டி போட்டிருக்கிறது. ஒன்று மட்டும் வெள்ளை.

ஆவணி 16, திங்கள்

இந்த வாரத்துக் கோடு போன வாரத்துக் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. சிஸ்டர் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு நின்றார். பிறகு கேட்டார்.

“தாத்தா, நடந்தீங்களா?”

“கக்கூசுக்கு.”

“அதுக்குத்தான சக்கர நாற்காலி வாங்கிப் போட்டுருக்கு?”

“அதுல ஒக்காந்தா எழுந்துக்க மாட்டம்மா. ராஜாபாதரப் பாத்தேன். ஒக்காந்தான், ஒக்காந்தபடியே போயிட்டான்.”

“காலு போனா நின்னுட்டா இருக்கப் போறீங்க?”

இதையும் எழுதுங்கள் என்றேன். டீச்சரம்மா எழுதினார்.

ஆவணி 18, புதன்

செய்தேன். அலுப்பாக இருக்கிறது.

ஆவணி 19, வியாழன்

எழுபத்தொன்பது வயதில் ஒரு கால் எதற்கு என்று காலையில் நினைத்தேன். எங்கே போகப்போகிறேன். அப்புறம் எங்கே போவது என்று எனக்கே தெரிந்தது. அதை எழுத வேண்டாம்.

(மேஸ்திரி எழுத வேண்டாம் என்றார். சொன்னதை எழுதுவதுதான் என் வேலை.)

ஆவணி 22, ஞாயிறு

இன்று சந்திர கிரகணமாம். சாயங்காலம் ஐந்து மணிக்கே சாப்பாடு போட்டுவிட்டார்கள். சமையல்காரர் பயந்தவர். அரிசிப் பானை, ஊறுகாய் ஜாடி என்று கண்டதிலெல்லாம் தர்ப்பைப் புல்லைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று கன்னியம்மாள் சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கிரகணத்தின்மேல் கோபம் இல்லை. எனக்கு அது வழிவிட்டது.

ஆவணி 23, திங்கள்

காலையில் வெந்நீர் அண்டாவிலும் தர்ப்பை மிதந்தது. எடுக்க மறந்துவிட்டார்கள். கரண்டியால் ஒவ்வொன்றாக வாரிப்போட்டேன். நாய்க்குட்டிகள் கண் திறந்துவிட்டன.

இதைச் சொல்லி முடித்து, அடுத்து ஊறவைத்த நேரத்தைச் சொல்ல வாயெடுத்தேன். பேனா ஓடவில்லை. டீச்சரம்மா மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அதற்குள் ஒரு தர்ப்பைத் துண்டு, ஈரமாக.

“இன்னிக்கு என் பக்கெட்டுல கெடந்துது. சாமிப் புல்லாச்சே, தூக்கிப் போடக்கூடாதேன்னு எடுத்து வச்சேன்.”

நான் கால்கட்டின் முடிச்சை இறுக்கினேன்.

“எல்லாத்தையும் வாரிட்டன்னு சொன்னீங்களே. ஒண்ணு தப்பிடுச்சு, மேஸ்திரி. நடக்காத ஆளுக்கு அண்டாகிட்ட என்ன வேலை?”

கன்னியம்மாளைக் கூப்பிட்டார். அவள் வந்தாள், என்னைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், யாரும் ஒன்றும் கேட்காமலே அழ ஆரம்பித்துவிட்டாள்.

“நான் இன்னாம்மா பண்ணட்டும். நான் விளாவினா நம்ப மாட்டேன்றாரு. சித்திரையிலேருந்து டெய்லி அவரே முழங்கையை வுட்டுப் பாத்து, கைக்கொண்ணு காலுக்கொண்ணுன்னு ரெண்டு பக்கெட்டும் அவரே தூக்கியாந்து உங்க வாசப்படியாண்ட வச்சிட்டுப் போறாரு. உள்ள எடுத்து வக்கிறது மட்டுந்தான் நானு. சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினாரு.”

அண்டாவிலிருந்து பெண்கள் வரிசையின் கடைசி அறைக்கு நூற்றுப்பன்னிரண்டு எட்டு. திரும்பி வரும்போது வெறுங்கை, அதனால் நூற்றுப்பத்து.

டீச்சரம்மா நோட்டைப் புரட்டி ஆவணி ஆறாம் தேதியில் விரலை வைத்தார். “நடக்கவில்லை. என் கையால எழுத வச்சீங்களே” என்றார். நோட்டை மூடி என் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து போனார். இந்தக் கடைசிப் பத்திகளை எல்லாம் சாயங்காலம் சிஸ்டர் எழுதுகிறார்.

ஆவணி 25, புதன்

ஜெபக்கனி எழுதுவது. தாத்தா ஊறவைத்தார். தேய்த்தார். பத்துப் பேர் சொல்லவில்லை. நான் மணி பார்த்தேன். டீச்சரம்மா வரவில்லை.

ஆவணி 28, சனி

சிஸ்டர் எழுதுகிறார். கன்னியம்மாள் வந்து சொன்னாள்: “நாலு நாளா வெந்நி வாணாம், பச்சத் தண்ணியும் வாணாம், எண்ணெயும் வாணான்றாங்க. கை வெடிச்சிகினு கீது தாத்தா. கேட்டா, மேஸ்திரி கால வுட்டாரில்ல, நான் கைய வுடறேன்றாங்க.”

என்னால் அங்கே போக முடியாது. போனால் நடந்ததாகிவிடும். போகாவிட்டால் அவர் கையை யார் பார்ப்பது? கட்டிலில் உட்கார்ந்து கல்லை உருட்டிக்கொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை.

கன்னியம்மாளிடம் சொல்லி அனுப்பினேன்: இனிமேல் தூக்கமாட்டேன்.

ஆவணி 30, திங்கள்

டீச்சரம்மா வந்தார். பட்டையை மாட்டிக்கொண்டு பேனாவைச் செருகினார். உள்ளங்கை ஓரத்தில் புதுத் தோல் கோடாக வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. எழுதுவதற்கு முன் கையை நீட்டச் சொன்னேன். நீட்டவில்லை.

“மொதல்ல பேசணும். எதுக்கு அப்படிப் பண்ணீங்க?”

“தோல் உரிஞ்சி தொங்குச்சே.”

“அதுக்கு?”

“அதுக்குத்தான்.”

“நீங்க ஒத்தக் காலோட கெடந்தா எனக்கு நல்லாருக்கும்னு நெனச்சீங்களா?” என்றார். எண்ணெய்ப் புட்டியைத் திறந்தேன்.

பிறகு கையை நீட்டினார். எண்ணெய் போட்டேன். வெடிப்புக்குள் என் விரல் போனது அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

“கட்டுப் போடற கொட்டாய் முன்னாடி சிமெண்டுத் தொட்டி ஒண்ணு இருந்துதே. இன்னும் இருக்குதா?” என்றார்.

இருக்கிறது. நாங்கள் வந்த வருஷத்தில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து காலை விட்டுக்கொண்ட தொட்டி. நடுவில் கட்டைச்சுவர், ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம். அப்போது இல்லத்தை நடத்திய பெரியவர் வைத்த சட்டம். சுவருக்கு அடியில் ஓர் ஓட்டை உண்டு, தண்ணீர் போய்வர. ஆளுக்கொரு பேசின் கொடுத்த பிறகு அதை யாரும் சீந்தவில்லை.

“அது வெயில்ல கெடக்கு. காலையில ரொப்பிட்டா பத்து மணிக்கு வெதுவெதுன்னு ஆயிடும். அடுப்பு வேணாம், அண்டா வேணாம், விளாவ வேணாம். வெயில் யாரையும் வேக வைக்காது” என்றார்.

எனக்கு இது நாலு மாதமாகத் தோன்றவில்லை. பாறையைப் பார்த்தே எங்கே பிளக்கும் என்று சொல்கிறவன் நான்.

புரட்டாசி 2, வியாழன்

கன்னியம்மாள் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குழாய் போட்டு நிரப்பினாள். பத்து மணிக்குச் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து என் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினாள். மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். எதிரே வராந்தாவில் டீச்சரம்மா துண்டோடு நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்தேன்.

“மாப்ள ஊர்கோலம் வராரு, வழி வுடுங்க, வழி வுடுங்க” என்று கன்னியம்மாள் வராந்தா முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டு தள்ளினாள். வார்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கோபம் வரவேண்டும். வரவில்லை. அலுத்துவிட்டது போலிருக்கிறது.

கட்டைச்சுவர் பாதி இடிந்து கிடக்கிறது. ஆனாலும் அவர் அந்தப் பக்கமே உட்கார்ந்தார், நான் இந்தப் பக்கம். முழங்கையை விட்டுப் பார்த்தேன். பதமாக இருந்தது. பார்த்தேன் என்று எழுதுங்கள், பழக்கம் விடவில்லை.

பத்துப் பேரையும் சொன்னேன், இந்தத் தடவை வாய்விட்டு. பூங்காவனம் என்றதும் அவர், “பூரானுக்குப் பயந்தவ” என்றார். அது எனக்கு மறந்துபோயிருந்தது.

புரட்டாசி 6, திங்கள்

கோடு உள்ளே வந்துவிட்டது. நெல்மணி அகலத்துக்கு. சிஸ்டர் இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்து மூன்று தடவை காட்டினார்.

புரட்டாசி 8, புதன்

மேகம். தண்ணீர் சூடேறவில்லை. டீச்சரம்மாவை ஊற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எண்ணெய் மட்டும். அண்டா இருக்கிற பக்கம் நான் பார்க்கவில்லை. சொல்லப்போனால் பார்த்தேன், போகவில்லை.

புரட்டாசி 10, வெள்ளி

நாளைக்கு டாக்டர். செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று.

புரட்டாசி 11, சனி

டாக்டர் கட்டைப் பிரித்தார். கம்பி விட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். பிறகு நோட்டைக் கேட்டார். புரட்டிக்கொண்டே போனார். ஆவணி இருபத்துமூன்றில் நின்று இரண்டு தடவை படித்தார். டீச்சரம்மா முந்தானையால் கையை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

“எலும்புக்குப் போகல. புளியங்கொட்ட அளவுக்கு வந்திருக்கு” என்றார் டாக்டர். சிஸ்டரிடம் கையை நீட்டினார். சிஸ்டர் அந்தத் தேதி போடாத சீட்டை எடுத்துக் கொடுத்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “ஓரமெல்லாம் இன்னும் கெட்டியா இருக்கு பெரியவரே. ஊறற நேரம் பத்தல. பதினெட்டு நிமிஷம்னு போட்டிருக்கு, இருபது முழுசா ஊறணும். அடுத்த மாசம் வந்து பாக்கறேன்.”

போகும்போது டீச்சரம்மாவைப் பார்த்து, “கையெழுத்து நல்லாருக்கும்மா” என்றார்.

சந்தோஷமாக இருக்கவேண்டிய நாள். படுத்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன்.

புரட்டாசி 12, ஞாயிறு

நல்ல வெயில். பத்து மணிக்குத் தொட்டி. டீச்சரம்மா இன்று இடிந்த சுவர்மேலேயே உட்கார்ந்து, நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்.

கோவிந்தன். தாவூத். வேடியப்பன். குள்ளம்மா. எல்லப்பன். ராஜாபாதர். சூசைமாணிக்கம். பூங்காவனம், பூரானுக்குப் பயந்தவள். பெரியதம்பி. சின்னத்தம்பி.

“முடிஞ்சுதா? எழுந்துக்கலாமா, மேஸ்திரி?”

“இல்ல. இன்னும் ரெண்டு நிமிசம். ஒரு ஆள் பாக்கி.”

அவர் பேனாவைத் தூக்கிவிட்டார். “எண்ணக் கூடாதுன்னீங்க.”

“பயந்தது போதும். எழுதுங்க.”

பங்குனி மாதம். செய்யாற்றுப் பக்கம். பச்சைச் சீலை, கையில் தகரப்பெட்டி. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று வாத்தியார் சொல்லிவிட்டுப் போனார். ஆறு வெள்ளிக்கிழமை கேட் அருகில் போய் நின்றாள். ஏழாவது வெள்ளிக்கிழமை போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, எங்களுக்குப் பேப்பர் படித்துக் காட்டினாள். இரண்டு பக்கத்திலும் பத்துப் பேரும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அவள் படிப்பதை நிறுத்தவில்லை.

டீச்சரம்மா என்று எழுதாதீர்கள். பேரை எழுதுங்கள்.

பவுனம்பாள். இருக்கிறாள்.